எதில் எழுதுவது என்று கேட்டிருந்தாய்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு நண்பா,

உன் மடல் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மற்றதைப் படிக்க மனம் வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சாயங்காலமானால் மழை. நாம் ஓடித் திரிந்த பால்மரக் காடு இப்போது முழுக்கச் செம்பனை. தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த பலர் டவுனுக்கு வந்துவிட்டதால் சந்தைக்குப் போனால் பழைய தோட்டத்து முகம் ஒன்றாவது தட்டுப்படும். தோட்டப் பெயர்களைப் பற்றிய நம் கட்டுரைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. தோட்டத்தின் பெயரைக் கேட்டால் அந்தப் பெயர் வந்த கதையோடு சேர்த்துச் சொல்கிறார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கட்டுரையை முழுக்க லேடெக்ஸுக்கு, அதாவது கட்டளைகளோடு எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருளுக்கு, கொண்டுபோய்விடலாம், நம்மோடு சேர்ந்து எழுதும் கிராணி ஐயா (தோட்டத்து எழுத்தர்) வேர்டில் எழுதுவதை நான் அவ்வப்போது மாற்றித் தந்தால் போதும் என்கிறாய். எனக்கு அதில் சம்மதமில்லை. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள்.

லேடெக்ஸ் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. டொனால்ட் கனூத் 1978-இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைக் கொண்டுவந்ததும், லெஸ்லி லாம்போர்ட் எண்பதுகளில் அதன் மேல் லேடெக்ஸைக் கட்டியதும் கணிதம் எழுதுகிறவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் நம் கட்டுரையில் சமன்பாடே கிடையாது. கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர், மலாய்ப் பெயர், நம் ஆள்கள் வாயில் வழங்கிய பெயர் என்று மூன்று மொழி, பழைய படங்கள், ஏகப்பட்ட அடிக்குறிப்புகள், இவ்வளவுதான். தமிழ் சரியாக வர வேண்டுமென்றால் லேடெக்ஸின் வகைகளான ஸீலேடெக்ஸோ லுவாலேடெக்ஸோ வேண்டும். உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கிராணி ஐயா இந்த வயதில் அதைக் கற்றுக்கொண்டுதான் தன் கட்டுரையைத் தானே திருத்த முடியும் என்றால் அது நியாயமில்லை.

மாற்றித் தரப் பாண்டாக் இருக்கிறதே என்பாய். அருமையான கருவிதான். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுக்கும் ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் தொடங்கியது. வேர்டு, லேடெக்ஸ், மார்க்டவுன் என்று எதிலிருந்தும் எதற்கும் கொண்டுபோகும். ஆனால் வேர்டு கோப்பை அதற்குள் விடும்போது நாம் தனியாக எதுவும் சொல்லாவிட்டால், யார் எதைத் திருத்தினார் என்று காட்டும் டிராக் சேஞ்சஸில் உள்ள திருத்தங்களை எல்லாம் நாம் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும். ஓரத்தில் எழுதிய கமெண்டுகளை விட்டுவிடும். எச்சரிக்கையும் வராது. கிராணி ஐயாவின் ஓரக் குறிப்புகளை நீ பார்த்திருக்கிறாய். ‘இது மூன்றாம் டிவிஷன் அல்ல, ஆற்றுக்கு அக்கரை’, ‘இந்தப் பெயரைப் பால்வெட்டுப் பெண்கள் மட்டும் சொல்வார்கள்’ என்று எழுதுவார். அவை போய்விட்டால் கட்டுரையில் நமக்கென்று சொல்ல என்ன மிஞ்சும்?

மேற்கோள்களுக்கும் இதே கதி. மேற்கோள்களை அடுக்கித் தரும் ஸொட்டேரோ மென்பொருள் வேர்டுக்குள் வைப்பது வெறும் எழுத்து அல்ல, நூல்பட்டியலோடு தொடர்புள்ள ஃபீல்டு. அந்தக் கோப்பை அப்படியே கூகுள் டாக்ஸுக்கு மாற்றினால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் பழையபடி தெரியும், தொடர்பு மட்டும் அறுந்திருக்கும். வேறு மென்பொருளுக்கு மாறுவதற்கென்று ஸொட்டேரோவிலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதைச் செய்துவிட்டுத்தான் அங்கே திறக்க வேண்டும். எந்த மாற்றத்திலும் பத்திகள் பெரும்பாலும் தப்பிவிடும். நாம் மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது எதுவோ அதுதான் முதலில் போகும். அதனால்தான், வேலை நடக்கும்வரை மாற்றவே வேண்டாம், முடிந்த பிறகு ஒரே திசையில் ஒரு முறை மாற்றுவோம் என்கிறேன்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு, கிராணி ஐயாவின் பழைய கோப்புகள். அவற்றை இப்போதே மாற்றியாக வேண்டும். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் புழக்கத்துக்கு வருமுன் தட்டியவை அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீடாக இருந்தால் ஆங்கிலம் தன் இடத்தில் இருந்திருக்கும். இவருடையது பாமினி எழுத்துரு போல ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்த வகை. கோப்பு முழுவதையும் யூனிகோட் மாற்றியில் போட்டால், நடுவில் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கும் தோட்டப் பெயர்களும் தமிழ்த் துண்டுகளாகிவிடும். அந்த எழுத்துருவில் இருக்கும் பகுதிகளை மட்டும் வேர்டில் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். நமக்கோ பெயர்கள்தானே தரவு.

அதற்கும் மேல் ஒரு சிக்கல். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றேதான். ஒற்றைக்கொம்பு, ககரம், அடுத்து அந்த வடிவம் என்று வந்தால் அது ‘கௌ’வா ‘கெள’வா என்று மாற்றிக்குத் தெரியாது. ‘கௌரி’ என்ற பெயர் ‘கெளரி’ ஆகிவிடும். அதைத் திருத்தப்போய் ‘வெள்ளை’யில் கைவைத்தால் ‘வௌ்ளை’ வந்து நிற்கும். அடுத்து புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரம்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். மற்ற இடங்களில் மனிதக் கண் வேண்டும், அதுவும் அந்தப் பெயரைக் காதால் கேட்டவரின் கண்.

கொகரம், கோகரம் வரும் இடங்களையும் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் யூனிகோடில் எழுதலாம், தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சில மென்பொருள்களில் தேடினால் ஒன்று சிக்கும், மற்றது சிக்காது. முழுப் பட்டியலையும் ஒரு தடவை நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே முறைக்குக் கொண்டுவந்து, கொடு. அந்த வேலைக்கு நீதான் சரி. பி.டி.எஃப்.பிலிருந்து மட்டும் எதையும் நகலெடுக்காதே. தமிழ் பி.டி.எஃப்.பில் எழுத்து வடிவங்களின் இடம்தான் பத்திரமாக இருக்கும், எழுத்து வரிசை அல்ல. நகலெடுத்தால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று சிதறி வரும்.

நமக்குப் பேட்டி கொடுத்தவர்களின் பெயர் விஷயமும் இருக்கிறது. நம் நாட்டு அடையாள அட்டையில் தன் பெயர், ஏ/எல் (இன்னாரின் மகன்), அப்பா பெயர் என்றுதானே வரும்? மேற்கோள் மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, மகன் சொன்னதை அப்பா பெயரில் அடுக்கிவிடும். ஸொட்டேரோவில் பெயரை ஒரே கட்டத்தில் எழுதும் வசதி உண்டு. லேடெக்ஸின் நூல்பட்டியல் கருவியான பிப்டெக்ஸில் முழுப் பெயருக்கும் கூடுதலாக ஒரு ஜோடி நெளி அடைப்பு போட்டால் பிரிக்காது. வாழ்நாள் முழுக்கத் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பெயர் தப்பாக இருந்தவர்கள் நம் கட்டுரையிலாவது சரியாக வர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

படங்களைத் தனியாக அனுப்பு. வேர்டு சேமிக்கும்போது அவற்றைச் சுருக்கிவிடலாம்.

ஆக, மூலக் கோப்பு வேர்டில், கிராணி ஐயாவின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும், பெயரில் தேதியும் இருக்க வேண்டும். நீ உன் பகுதியை லேடெக்ஸிலேயே எழுது, தடையில்லை. முடித்ததும் பாண்டாக்கில் வேர்டாக்கி ஒரு முறை அனுப்பிவிட்டு, பிறகு அந்தப் பிரதியைத் தொடாதே. \ref போட்டு எழுதிய பட எண்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிடு. இதழ்க்காரர்கள் கடைசியில் லேடெக்ஸ்தான் வேண்டும் என்றால், எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிரதியை அன்றைக்கு நீ மாற்று, நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கிராணி ஐயா வீட்டுக்குப் போய் அந்த ளகரப் பட்டியலை அவரிடம் வாசித்துக் காட்டப்போகிறேன். அதற்கு முன் உன்னிடம் இருக்கும் பழைய பிரதியை அனுப்பிவிடு. எழுத்துருக் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு, என் கணினியில் அது இல்லை.

அன்புடன்,
உன் நண்பன்