செயலாளரின் ஆண்டறிக்கை: இரண்டு வரி வாசகத்துக்காக ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். கோவை வட்டாரத்துச் சினிமா கொட்டகைகளின் வரலாற்றைத் திரட்டிவரும் நம் சங்கம் கடந்த ஓராண்டில் செய்த பணிகளை இந்த அறிக்கையில் முன்வைக்கிறேன்.

1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹாலின் நினைவாக, அதன் பெயரையே தாங்கியிருக்கும் சாலையில் ஒரு பலகை வைப்பதென்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். பலகையில் எழுத வேண்டியது இரண்டே வரிகள்தாம். அந்த இரண்டு வரிகளை முடிவு செய்யவே மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை செலவாயின. காலம் வீணாயிற்று என்று நான் கருதவில்லை.

நாம் முதலில் எழுதியிருந்த வாசகம் ‘தென்னிந்தியாவின் முதல் திரையரங்கு’ என்பது. நம் ஊரில் அப்படிச் சொல்லியே பழகியிருக்கிறோம். நானும் அதை நம்பியே வந்திருக்கிறேன். ஆனால் வார்விக் மேஜர் சென்னை மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டரைத் திறந்தது 1913இல் என்பதை மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்துக்காட்டினார். இரண்டே ஆண்டுகளில் அஞ்சல் துறையின் கைக்குப் போன அந்தக் கட்டடம், அண்ணா சாலைத் தலைமை அஞ்சலக வளாகத்துக்குள் தபால்தலை சேகரிப்போர் வந்துபோகும் இடமாக இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. ‘இந்தியர் ஒருவர் கட்டிய முதல் அரங்கு’ என்று மாற்றலாமா என்று பார்த்தால், சென்னையில் ரகுபதி வெங்கையா கெயிட்டி என்ற திரையரங்கைக் கட்டியதும் அதே 1914இல்தான்.

‘முதல்’ என்ற சொல்லை எங்கே வைப்பது என்ற கேள்வி இப்படித்தான் எழுந்தது. பாரிஸில் கிராண்ட் கஃபேயின் நிலவறையில் 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் தலைக்கு ஒரு பிராங்க் வாங்கிக்கொண்டு பத்துக் குறும்படங்களைக் காட்டியதையே எல்லோரும் தொடக்கமாகச் சொல்கிறோம். அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே, நவம்பர் 1 அன்று, பெர்லினில் ஸ்கிளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் தங்கள் கருவியைக் கொண்டு விண்டர்கார்டன் அரங்கில் படம் காட்டிவிட்டார்கள். 1896 ஜூலை 7 அன்று பம்பாயில் லூமியேர் படங்கள் காட்டப்பட்டது வாட்சன் ஓட்டலில். ஒரு ரூபாய்க் கட்டணம் கொடுக்கக்கூடியவர்களே அங்கே போயிருக்க முடியும். சில நாட்களில் காட்சி நாவல்டி நாடக அரங்குக்கு மாறி, நாலணா வகுப்பும் வந்த பிறகுதான் அது ஓரளவேனும் பொதுமக்களுக்கானதாயிற்று. இந்த இடங்களில் எதுவும் படத்துக்கென்று கட்டியதல்ல. காப்பிக் கடையும், ஓட்டலும், நாடக மேடையும் சினிமாவுக்கு இடம் கொடுத்தன என்பதே உண்மை.

நம் பகுதியில் கட்டடத்துக்கு முன்னால் வந்தது கூடாரம். இந்த ஆண்டின் ஆய்வில் எனக்கு மிகவும் நெருக்கமானதாக அமைந்தது அந்தப் பகுதியே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். வின்சென்ட் திருச்சியில் ரயில்வேயில் வரைபடக்காரராக வேலை பார்த்தவர். படம் காட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்த டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்ப விரும்பியபோது, அவரிடமிருந்த புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் 1905இல் விலைக்கு வாங்கி, நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு, வின்சென்ட் ஊர் ஊராகப் புறப்பட்டார். அதே 1905இல்தான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஐந்து சென்ட் கட்டணத்தில், நூறு பேர்கூட உட்கார முடியாத கடையறை ஒன்று ‘நிக்கலோடியன்’ என்ற பெயரில் நாள் முழுதும் படம் காட்டத் தொடங்கியது. அங்கே பார்ப்பவர்கள் கொட்டகையைத் தேடி வந்தார்கள்; இங்கே கொட்டகை ஆட்களைத் தேடிப் போயிற்று. 1909இல் வின்சென்ட் சென்னை எஸ்பிளனேடில் கூடாரம் அடித்து, பிறகு சொந்த ஊரான கோவைக்கு வந்து செங்கலும் சுண்ணாம்புமாக நிலைகொண்டார். பிற்காலத்தில் நம் கிராமங்கள் கண்ட டூரிங் டாக்கீஸ், மணலைக் குவித்து உட்கார்ந்த தரை டிக்கெட், நடுவே மூங்கில் தடுப்பு ஆகிய யாவும் இந்தக் கூடாரத்தின் வழித்தோன்றல்களே என்று நான் கருதுகிறேன்.

ஆண்டின் நடுவில் கொட்டகையில் படம் ஓட்டி ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவரை அழைத்து, உறுப்பினர் இல்லத்தில் இருந்த பழைய புரொஜெக்டரை இயக்கிக் காட்டச் செய்தோம். தாமிரப் பூச்சுப் பூசிய இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே பொருத்தி, ஒரு கணம் தொடவிட்டு, நூலளவு விலக்கினார். கண் கூசும் வெள்ளொளி எழுந்தது. குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளி கூடும், ஒளி மங்கும், திரையில் படம் பழுப்பேறும். ஆகவே படம் ஓடும் நேரமெல்லாம் கறுப்புக் கண்ணாடி வழியாக அந்தச் சுடரையே பார்த்தபடி திருகைத் திருகிக்கொண்டிருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் ஓட்டியும் ஒரு படத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று அவர் சொன்னபோது கூட்டம் சற்று நேரம் அமைதியாக இருந்தது. ஊமைப்பட நாளில் இதனோடு கைப்பிடியைச் சுற்றும் வேலையும் சேர்ந்திருந்தது. ஆயிரம் அடிச் சுருள், விநாடிக்குப் பதினாறு சட்டகம் என்ற கணக்கில் ஓடினால் பதினாறு, பதினேழு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரே கருவி இருந்த இடங்களில் அடுத்த சுருளை மாட்டும்வரை கூட்டம் காத்திருக்க வேண்டியதுதான்.

தனி ஆபரேட்டர் அறை வந்த காரணத்தையும் அன்று பேசினோம். அக்கால நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. 1897இல் பாரிஸ் அறக்கட்டளைச் சந்தை ஒன்றில் புரொஜெக்டர் விளக்குக்கு ஊற்றிய ஈதர் என்ற எரிதிரவத்திலிருந்து பற்றிய தீயில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரிட்டனில் 1909ஆம் ஆண்டு சினிமாச் சட்டம் வந்ததற்கும், இந்தியாவில் 1918ஆம் ஆண்டு சினிமாச் சட்டம் கொட்டகைக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியதற்கும் தீ அச்சம் ஒரு முக்கியக் காரணம். அதே 1918ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த தணிக்கையைப் பற்றியே பேசும் நாம் அச்சட்டத்தின் இந்தப் பாதியை மறந்துவிடுகிறோம்.

பழைய கொட்டகைகளின் உரிமக் கோப்புகளைப் பார்வையிட அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினோம். பதில் வரவில்லை. நேரில் சென்றபோது, பழைய கோப்புகள் கழித்துக் கட்டப்பட்டிருக்கலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. காகிதம் போய்விட்டால் நமக்கு எஞ்சுவது மனிதர்களின் நினைவு மட்டுமே. ஆகவே ஆபரேட்டர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், சுவரொட்டி ஒட்டியவர்கள், முறுக்கு விற்றவர்கள் ஆகியோரின் பேச்சைப் பதிவு செய்யும் பணியை வரும் ஆண்டில் முதன்மையாக எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். புரொஜெக்டரைப் பழுதுபார்க்கத் தம் பட்டறையையே திறந்துவிட்ட உறுப்பினருக்கு நம் நன்றி.

பலகைக்குச் செயற்குழு ஒருமனதாக ஏற்ற வாசகம் இது: ‘கூடாரத்தில் ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் கோவையின் முதல் நிலையான திரையரங்கான வெரைட்டி ஹாலை இச்சாலையில் கட்டினார்.’ இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்