மரத்தில் படக்கூடாத டிஸ்க்கை மரக்காட்டுக்கென்று ஏன் விற்றீர்கள்?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

உங்களிடம் வாங்கிய டிஸ்க் கோல்ஃப் தொகுதியை, அதாவது தட்டையான வட்டுகளைக் குறைந்த எறிகளில் கூடைக்குள் போடுகிற விளையாட்டுக்கான டிஸ்க்குகளை, திருப்பி எடுக்கச் சொன்னதற்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. டிஸ்க்குகளில் மரத்தில் மோதிய தடங்கள் இருக்கின்றனவாம், ஆகவே பாவித்த பொருளாம், காசு தர முடியாதாம். நீங்கள் விற்ற பொருளின் பெயரை ஒருமுறை நீங்களே வாசித்துப் பாருங்கள்: 'மரம் அடர்ந்த மைதானத்துக்கான ஆரம்பநிலைத் தொகுதி'. விளம்பரப் படத்திலும் ஒருவர் மரங்களுக்கு நடுவில் நின்றுதான் எறிகிறார். மரத்தில் படாமல் இதை எங்கே கொண்டுபோய் எறிவது, முற்றவெளியிலா?

நாங்கள் விளையாடுவது வடமராட்சியில் மாமாவின் பனங்கூடலுக்குள். கம்பங்களில் பழைய பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டி வைத்திருக்கிறோம். ஒழுங்கையில் நின்று பார்த்தால் பனைகளுக்கு இடையில் தாராளமாக இடம் இருப்பது போலத்தான் தெரியும், உள்ளே போய் எறிந்தால்தான் ஒரு மரத்தைத் தப்பிய டிஸ்க் அடுத்த மரத்தில் போய் அடிப்பது விளங்கும். கீழே முழுக்க வடலி. மட்டையின் இரண்டு பக்கமும் கருக்கு, உள்ளே போன டிஸ்க்கை எடுக்கக் கையை விட்டால் தோல் கிழியும். காவோலை குவிந்து கிடக்கிற இடத்தில் விழுந்தால் தேடுவதே பெரும்பாடு, விதிப்படி தேடுவதற்கு 3 நிமிடம்தான், அதற்குள் கிடைக்காவிட்டால் தண்டமாக ஒரு எறி கூடும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் இன்னும் மோசம். இப்படியான இடத்தில் தூரம் எறிந்து ஒரு பயனும் இல்லை, நேராகப் போய், விழ வேண்டிய இடத்தில் விழுகிற டிஸ்க்தான் வேண்டும்.

அதனால்தான் பார்த்துப் பார்த்து உங்கள் தொகுதியைத் தெரிவு செய்தேன். வேகம் 2 உள்ள புட்டர் (கூடைக்குக் கிட்ட நின்று எறிவது) ஒன்று, 5 உள்ள மிட்ரேஞ்ச் (நடுத்தரத் தூரத்துக்கு) ஒன்று, 7 உள்ள ஃபெயார்வே டிரைவர் (அதைவிடக் கொஞ்சம் தூரத்துக்கு) ஒன்று, எல்லாம் 150 முதல் 160 கிராமுக்குள், மரத்தில் பட்டாலும் தாங்கும் உயர்தர பிளாஸ்டிக் என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். 18,500 ரூபா கட்டினேன். பெட்டியைத் திறந்தால் மூன்றும் டிஸ்டன்ஸ் டிரைவர், மிகத் தூரம் எறிவதற்கானவை! இரண்டில் வேகம் 12, ஒன்றில் 13. அடியில் பேனையால் எழுதியிருக்கிற எடை 175 கிராம். நிறம் மட்டும் படத்தில் இருந்தது போலவே சிவப்பு, நீலம், மஞ்சள்.

உங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரிகிறது போல, ஆகவே சொல்கிறேன். டிஸ்க்கில் நான்கு இலக்கங்கள் அடித்திருக்கும். முதலாவது வேகம், பிறகு மிதப்பு, அதன் பிறகு எந்தப் பக்கம் திரும்பும், கடைசியில் எப்படி மடிந்து விழும் என்பவை. வேகம் 12 என்றால் அந்த டிஸ்க் தனக்குரிய பாதையில் பறக்க அவ்வளவு பலமாக எறிய வேண்டும் என்று அர்த்தம். புதிதாகப் பழகுகிறவரின் கையில் அந்த வேகம் வராது. வலக்கையால் பின்கை வீச்சாக (பேக்ஹேண்ட்) எறிந்தால் கொஞ்சத் தூரம் போனதும் இடப்பக்கம் வெட்டிக்கொண்டு விழும். திறந்த வெளியில் அது வெறும் ஏமாற்றம், பனங்கூடலில் ஒவ்வொரு முறையும் இடப்பக்கப் பனைதான். டொராண்டோவில் டொன் பள்ளத்தாக்கிலுள்ள ஈ.டி. சீட்டன் பூங்காவில் விளையாடுகிற என் மச்சானுக்குப் படம் அனுப்பினேன். "மரத்துக்குள்ள நானே மிட்ரேஞ்சைத்தான் எடுப்பன், உனக்கு ஆர் இதை வித்தது?" என்று கேட்டான்.

இன்னொன்று. டிஸ்க் கோல்ஃபின் சர்வதேச அமைப்பான பிடிஜிஏயின் அங்கீகாரம் உண்டு என்றும் விளம்பரம் சொல்கிறது. அந்த அமைப்பு தான் அங்கீகரித்த டிஸ்க்குகளின் பட்டியலை யாரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்றின் பெயரும் அதில் இல்லை. பிளாஸ்டிக்கும் நீங்கள் சொன்ன தரம் இல்லை, விளிம்பு எலி கறண்டிய தேங்காய்ச் சொட்டுப் போலப் போய்விட்டது.

இப்போது அந்த மரத் தடங்களுக்கு வருவோம். பெட்டியைத் திறந்த அன்றே, ஒரு எறிகூட எறியாமல், மூன்றையும் இலக்கங்கள் தெரியப் படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். அதற்கு உங்கள் ஆள் எழுதியது: "எறிந்து பாருங்கள் சேர், பழகப் பழகச் சரியாகிவிடும்." சரி, எறிந்து பார்த்தோம். நீங்கள் எறியச் சொன்னதால் வந்த தடத்தைக் காட்டி நீங்களே காசு இல்லை என்கிறீர்கள். அந்த உரையாடல் அழியாமல் என்னிடம் இருக்கிறது, விளம்பரத்தின் படமும் இருக்கிறது. நீங்கள் இப்போது விளம்பரத்தில் 'ஆரம்பநிலை' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டதையும் கவனித்தேன்.

வேறு டிஸ்க் அனுப்புகிறோம், மேலதிகமாக 4,000 ரூபா கட்டுங்கள் என்ற உங்கள் யோசனை வேண்டாம். முழுக் காசையும் பற்றுச்சீட்டில் உள்ள வங்கிக் கணக்குக்கே திருப்பிப் போடுங்கள். கூரியர் செலவும் உங்களுடையதுதான், பிழையான பொருளை அனுப்பியது நான் இல்லை. இரண்டு வாரம் பார்ப்பேன். அதற்குள் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் எழுத்திலும் முறைப்பாடு கொடுப்பேன். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது அந்தச் சட்டத்தில் குற்றம்.

டிஸ்க்குகள் மூன்றும் வந்த பெட்டியிலேயே போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். கூரியர்காரரை வேலை நாட்களில் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு அனுப்புங்கள், காலையில் வீட்டில் ஆள் இல்லை.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்