வண்டியின் நடுக்கம் குறித்து மகளுக்கு

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. ஊர் போய்ச் சேர்ந்ததாக அம்மாவுக்கு ஒரு வரி அனுப்பியதோடு சரி. வண்டி விஷயத்துக்கு இன்னும் பதில் இல்லை. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன்.

மாட்டுப் பொங்கலன்று உன் எஸ்யூவியை எடுத்துக்கொண்டு நான் கும்பகோணம் போனபோது, நான்குவழிச் சாலையில் வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கியது. அறுபதுக்கு இறங்கியதும் நின்றுவிட்டது. பிரேக் மிதித்தால் நடுக்கம் கூடவில்லை, அதனால் பிரேக் காரணமில்லை. சீட்டும் அதிரவில்லை, அதனால் பின் சக்கரங்களும் இல்லை. எனவே முன் சக்கரங்களைத்தான் சந்தேகித்தேன். களத்து வழியில் அப்பிய களிமண், ரிம்மின் உட்புறம் கட்டியாகக் காய்ந்து கிடந்தது. சுரண்டிக் கழுவியதில் நடுக்கம் பாதி குறைந்ததே தவிரப் போகவில்லை. இடது ரிம்மில், சக்கரம் ஆடாமல் சமமாகச் சுழல ஒட்டும் பேலன்சிங் எடை இருந்த தடம்தான் இருக்கிறது, எடையைக் காணோம்.

அது மட்டும் என்றால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். இடது முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டான டை ராட் எண்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியே வந்து மண்ணோடு குழைந்திருக்கிறது. டயரின் உள் ஓரமும் மழமழவென்று தேய்ந்துவிட்டது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. அந்த மூட்டு கழன்றால் நீ எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சக்கரம் கேட்காது. சாமான் வாங்கி மாட்டும்வரை இரு என்றேன். நீ விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாய்.

நம் வீட்டில் டிராக்டர் ஓட்டிய முதல் பெண் நீ. குழந்தைகளை வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து தனியாக ஓட்டி வந்தாய் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்கு இந்த நடுக்கம் கையில் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் விட்டுவைத்திருக்கிறாயே என்பதுதான் என்னை உறுத்துகிறது. மாப்பிள்ளை முன்பெல்லாம் சர்வீஸ் தேதியைத் தவறவிட்டதே இல்லை. பொங்கலுக்கும் அவர் வரவில்லை. நான் எதுவும் கேட்கவில்லையம்மா.

முதலில் டை ராட் எண்டை மாற்றச் சொல். அதே கையோடு சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட், லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் இரண்டையும் பார்க்கச் சொல். டயரின் பக்கவாட்டில் 2319 என்று இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள், வயதாகிவிட்டது, ஆகவே முன் டயர்கள் இரண்டையும் மாற்றிவிடு. பேலன்சிங்கும், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்டும் அதன் பிறகுதான். மூட்டு ஆடும்போது அலைன்மென்ட் செய்தால் காசுதான் வீண். வெறும் பேலன்சிங் செய்து நடுக்கத்தை மட்டும் நிறுத்திக் கொடுத்தால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. முதலில் டை ராட் எண்ட்.

அதுவரை வண்டியை எடுக்காதே. குழந்தைகள் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போகட்டும். மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்து டை ராட் எண்டை மாற்றச் சொல்.

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணமும் வந்துவிட்டது. உன் கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறேன். பொங்கல் சீர் என்றே மாப்பிள்ளையிடம் சொல். வேறு விதமாக அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. போதாவிட்டால் எனக்கு மட்டும் எழுது, அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். கழற்றிய பழைய டை ராட் எண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, அடுத்த மாதம் வரும்போது நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா