எஃப்.ஐ.யைக் கழற்றுமுன் பேட்டரியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து புது பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே எஃப்.ஐ. (சென்சார்களைப் பார்த்துப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) ஆகிவிட்டன. அவற்றுக்கு ஐந்தாறு வயதாகி, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்போது, ‘எஃப்.ஐ.யைத் தூக்கிப் போட்டுட்டு கார்புரேட்டர் மாட்டிருங்க’ (காற்றின் இழுப்பிலேயே பெட்ரோலைக் கலக்கும் பழைய முறை) என்ற யோசனை எல்லாத் தெருவிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

இது பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலை மட்டுமல்ல. எஃப்.ஐ. வண்டியில் ப்ளக்குக்குத் தீப்பொறி கொடுக்க உத்தரவிடுவதும், பெட்ரோலை அளக்கும் அதே ஈ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர்தான். அதை எடுத்தால் தனியாக சி.டி.ஐ. (தீப்பொறி கொடுக்கும் பெட்டி) வேண்டும். இன்ஜினோடு சுழலும் எஃப்.ஐ. மேக்னட்டில் வரிசையாகப் பல பற்கள் இருக்கும், சாதாரண சி.டி.ஐ. எதிர்பார்ப்பதோ ஒரே ஒரு மேடு. ஆகவே மேக்னட்டும் அதன் பற்களை உணரும் பிக்கப் காயிலும் சேர்ந்தே மாற வேண்டும். எஃப்.ஐ. டேங்கில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் கிடையாது. பம்ப் இருந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்துக் காக் பொருத்தும்போது, பேக்கிங் சரியாக உட்காராவிட்டால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். பழைய பம்பையே கார்புரேட்டருக்கு இணைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் தள்ளுவது 3 பார் அழுத்தம். கார்புரேட்டருக்குள் பெட்ரோலைத் தடுத்து நிறுத்தும் மிதவை ஊசி அதைத் தாங்காது, வழிந்துவிடும்.

இத்தனைக்கும் பல நேரங்களில் கோளாறு மிகச் சிறியது. கில் சுவிட்சை ‘ரன்’னில் வைத்துச் சாவியைத் திருப்பினால் இரண்டு மூன்று விநாடி பம்ப் முனக வேண்டும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, கனெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். அடுத்தது பேட்டரி. நிற்கும்போது 12.5 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் ஈ.சி.யூ. தடுமாறும், பழி எஃப்.ஐ. மேல் விழும். ஐட்லிங் நிற்காவிட்டால் இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியின் கரியைத் துடையுங்கள். த்ராட்டில் சென்சாரின் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீர்கள். அது அசைந்தால் ஈ.சி.யூ.வுக்கு ஐட்லிங் எது, ஆக்சிலரேட்டர் எது என்றே குழம்பிவிடும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் காயிலை மீட்டரில் பார்த்தால் 12 ஓம் பக்கம் வர வேண்டும். மைலேஜ் மட்டும் விழுந்திருந்தால் இன்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப்பின் பேக்கிங்கைப் பாருங்கள். அங்கே காற்று இழுத்தால், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் ‘பெட்ரோல் குறைவு’ என்று சொல்லும், ஈ.சி.யூ. அதை நம்பிக் கூடுதலாக ஊற்றும்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குப் பயந்து கார்புரேட்டருக்குப் போவதில் அர்த்தமே இல்லை. பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்றால், இ20க்கு அது ஏறத்தாழ 13.5; அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அந்தக் கூடுதல் தேவையை எஃப்.ஐ. சென்சாரைப் பார்த்துத் தானே ஓரளவு சரிசெய்யும். கார்புரேட்டரில் ஜெட்டைத்தான் (பெட்ரோல் வரும் சிறு துளையுள்ள பாகம்) மாற்ற வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினாலும் இதே கதைதான். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். கார்புரேட்டர் வண்டி புகைந்து திணறும், எஃப்.ஐ. அளவைக் குறைத்துக்கொள்ளும்.

ஈ.சி.யூ. கொடுக்கும் பெட்ரோல் அளவை மாற்றும் ட்யூனிங் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏர் ஃபில்டர், சைலன்சர் இரண்டையும் மாற்றியவர்களுக்குத்தான் அது தேவை; அதுவும் டைனோவில் (நின்ற இடத்திலேயே வண்டியை ஓட்டிச் சோதிக்கும் கருவி) ஏற்றி, கலவையைத் துல்லியமாக அளக்கும் அகலப் பட்டை ஆக்சிஜன் சென்சார் வைத்துப் பார்த்தால்தான். சென்சார் வயரில் ரெசிஸ்டரைச் சொருகி ‘பிக்கப் கூடும்’ என்று விற்பது வெறும் ஏமாற்று. கூடுதல் பெட்ரோலில் ப்ளக் கருக்கும், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வீணாகும்.

பி.எஸ்.6 வண்டியில் கார்புரேட்டர் மாட்டினால் புகைச் சான்றிதழும் சிக்கல்; வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும்.

மாற்றுவது நியாயமாகத் தோன்றும் இடம் ஒன்று உண்டு. 2007இல் வந்த பல்சர் 220 டி.டி.எஸ்.-எஃப்.ஐ. மாதிரி, ஈ.சி.யூ. கிடைக்காத பழைய வண்டிகள். அந்த மாடலைக் கம்பெனியே 2009இல் கார்புரேட்டருக்கு மாற்றிவிட்டது. அப்போதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதே மாடலின் கார்புரேட்டர், இன்டேக் பைப், சி.டி.ஐ., மேக்னட், வயரிங், டேங்க் என முழு செட்டாக வாங்குங்கள். கம்பெனி ஜெட்டிலேயே தொடங்கி, பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி வெளிறியிருந்தால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றவும், கருத்திருந்தால் இறக்கவும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்,
கோவை