மேரிக்கு, கின்னிக்கோழிக் குஞ்சுகளின் தீனி பற்றி

மாதவரம்

அன்புள்ள மேரிக்கு,

போனில் சொல்ல ஆரம்பித்தால் உன் பேரன் பாதியில் பிடுங்கிக்கொண்டு, தக்காளி போடலாமா, மிக்சர் போடலாமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவை, அவன் கண்ணில் படட்டும்.

அவன் கேள்விக்கே முதலில் பதில். பழுத்த தக்காளி ஒரு துண்டு போடலாம். மிக்சர் வேண்டவே வேண்டாம். சின்னக் குஞ்சுக்கு உப்பு ஆகாது. கொஞ்சம் கூடினாலும் தண்ணீராகக் கழிந்து சுருண்டு விழும். காசிமேட்டிலிருந்து உன் தம்பி கொண்டுவரும் கருவாட்டுத் தூளுக்கும் இதே கதைதான். மீன் சத்துதானே என்று கேட்டாய். சத்துதான், ஆனால் உப்பில் ஊறிய சத்து. ஆசையாக இருந்தால் உப்பு போடாமல் வேகவைத்த மீனை முள் நீக்கி உதிர்த்து ஒரு சிட்டிகை வை. அவித்த முட்டையை மசித்து வைப்பது அதைவிடச் சுலபம். கோழிக்கே முட்டையா என்று உன் மருமகள் முகம் சுளிப்பாள், கண்டுகொள்ளாதே.

இப்போது முக்கியமான விஷயம். நீ கீரை, கீரை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய், தீவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கின்னிக்கோழிக் குஞ்சுக்கு முதல் சில வாரம் நூற்றுக்கு 24 பங்காவது புரதம் இருக்கிற தீவனம் வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சைவிட இதற்குப் பசி அதிகம், வளர்த்தியும் வேகம். தீவனக் கடையில் வான்கோழிக் குஞ்சுத் தீவனம் கிடைத்தால் அதுதான் சரி. கிடைக்காவிட்டால் பிராய்லர் பிரீ-ஸ்டார்ட்டர், அதாவது கறிக்கோழிக் குஞ்சுக்கு முதலில் போடும் தீவனம், வாங்கிக்கொள், குறைகிற புரதத்துக்குத்தான் மேலே சொன்ன முட்டை. முட்டைக் கோழித் தீவனத்தை மட்டும் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதே. முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்தைக் கொட்டியிருப்பார்கள், குஞ்சின் சிறுநீரகம் கெட்டுப்போகும். கீரை, தானியம், பூச்சி எல்லாம் சேர்ந்து மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கீரையிலேயே வயிறு நிறைந்துவிட்டால் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. பார்க்கக் கொழுகொழு என்று தெரியும், கால் மட்டும் வலுவே இல்லாமல் கிடக்கும்.

முதல் வாரம் தீவனமும் தண்ணீரும் போதும். அப்புறம் கீரையை ஆரம்பி. முருங்கைக்கீரைதான் முதல் இடம், உன் வீட்டு வாசலிலேயே மரம் இருக்கிறது. உருவி, பொடிப்பொடியாக நறுக்கிப் போடு. அரைக்கீரை, முள்ளங்கி இலை, முட்டைக்கோஸின் மேல் இலை எல்லாம் தின்னும். பாலக்கீரை எப்போதாவது கொஞ்சம். அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கொருக்குப்பேட்டை தண்டவாள ஓரத்தில் சவுண்டல் செடி காடாக நிற்கிறதே, ஆட்டுக்காரர்கள் ஒடித்துக்கொண்டு போவார்களே, அதைப் பேரன் பறித்துவந்து போட்டுவிடப் போகிறான். ஆடு தின்னட்டும், கோழிக்கு அது நஞ்சு. கடைக் கீரையை நன்றாக அலசிவிட்டுப் போடு, மருந்து அடித்தது எது, அடிக்காதது எது என்று யாருக்குத் தெரியும்?

நறுக்கச் சொன்னேன் என்று முழுத் தண்டை இரண்டாக வெட்டிப் போட்டுவிடாதே. நீளமான நார் கழுத்தடியில் தீனிப்பையில் சிக்கிப் பந்தாகிவிடும். தொட்டுப் பார்த்தால் கல்மாதிரி இருக்கும். கீரை ஆரம்பிக்கும் அன்றே ஒரு மூடியில் குறுமணலும் வை. பல் இல்லாத பிறவி, உள்ளே போகிற சின்னக் கல்தான் அதற்கு அரைத்துக் கொடுக்கிறது. வெறும் தூள் தீவனத்துக்கு அது வேண்டாம். இலைக்கும் தானியத்துக்கும் கட்டாயம் வேண்டும். மணல் என்றதும் கடற்கரையிலிருந்து அள்ளி வராதே, மறுபடியும் உப்புதான்.

குஞ்சுகள் கீரை தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார், பொழுது போவதே தெரியாது. ஒன்று ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு ஓடும். கீழே அதே இலை குவியலாகக் கிடக்கும், மற்றதெல்லாம் அதை விட்டுவிட்டு அந்த ஒன்றைத் துரத்தும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பியிருக்கிறாய் அல்லவா? இந்த ஓட்டத்தில் தட்டுக்குள் விழுந்தால் அரை அங்குலத் தண்ணீரிலேயே மூழ்கிவிடும். நனைந்தாலும் விறைத்துப்போகும். பெட்டியில் செய்தித்தாள் விரித்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு. வழுக்கி வழுக்கிக் கால் இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும், சாக்குதான் நல்லது. முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பகலில் பல்பே தேவைப்படாது, ராத்திரிக்கு மட்டும் பார்த்துக்கொள்.

கடலைப் புண்ணாக்கு ஊறவைத்துக் கொடுக்கலாம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். நான் கொடுப்பதில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் செத்துப்போயின. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்ததுதான் காரணம். அப்ளாடாக்சின் என்ற நஞ்சையே அதற்கு அப்புறம்தான் கண்டுபிடித்தார்கள். உன் வீட்டில் கடல் காற்றுக்கு அப்பளமே நமுத்துப்போகும், புண்ணாக்கு தாங்குமா? தீவன மூட்டையையும் தரையில் சாய்க்காமல் பலகை மேல் வை. மீந்த கீரையைச் சாயங்காலத்துக்குள் கூட்டிவிடு.

தினை, கம்பு இரண்டும் அதற்கு உயிர். ஆனால் தட்டில் கொட்டி வைக்காதே. இந்தப் பறவைக்குக் கோழியின் சாதுக் குணம் கிடையாது, ஆப்பிரிக்கக் காட்டுப் பிறவி. வளர்ந்ததும் அது பாட்டுக்குக் கேபிள் ஒயர் மேலும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், நீ கீழே நின்று கெஞ்ச வேண்டியதுதான். அதனால் தினையை உன் கையிலேயே வைத்துக்கொள். சாயங்காலம் பழைய டப்பாவைத் தட்டு, ஒரு பிடி தூவு. தினம் அதே நேரம், அதே டப்பா. சத்துக்குத் தீவனம் இருக்கிறது. தினை கொடுப்பதே அவை உன்னை நம்பிக் கூண்டுக்குத் திரும்பத்தான் என்பது என் கட்சி. எங்கள் தெருவில் புறாக்காரப் பையன்கள் விசிலுக்கு இறக்குகிறார்களே, அந்தப் பழக்கம்தான் இதுவும். ஆறு வாரம் ஆகும்வரை வெளியே விடாதே.

கரையான் வேண்டுமானால் இங்கே வந்து எடுத்துக்கொண்டு போ. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி அடைத்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ராத்திரி கவிழ்த்து வைத்தால் விடியும்போது கரையான் ஏறியிருக்கும். என் வீட்டுக்காரர் அதற்காகவே கொல்லைச் சுவரோரம் ஒரு புற்றை விட்டுவைத்திருக்கிறார். வீட்டுக் கதவை அரித்தால் என்ன செய்வது என்று கேட்டால் சிரிக்கிறார்.

எங்கள் பக்கம் வேறு சேதி அதிகமில்லை. மூலக்கடையில் மெட்ரோ வேலை, பஸ் எந்த வழியாகப் போகும் என்று டிரைவருக்கே தெரியாது. முட்டிவலிக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறேன், வலி மாறவில்லை. சின்னவளுக்கு மணலியில் வேலை கிடைத்திருக்கிறது, ஷிப்ட்தான் கஷ்டம்.

உன் குஞ்சுகளின் தாய்க்கோழி கருஞ்சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளியா, இல்லை வெளிறிய நிறமா? உத்தரப் பிரதேசத்தில் இருக்கிற இஸத்நகர் பறவை ஆராய்ச்சி நிலையத்தில் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி என்று மூன்று ரகம் வைத்திருக்கிறார்கள், பெயரெல்லாம் சினிமா நடிகை போல. கருஞ்சாம்பலில் புள்ளி போட்டது காதம்பரி. ஆணா பெண்ணா என்று இப்போது கேட்காதே. இரண்டு மாதம் போகட்டும், இரண்டு அசையாகக் கத்துவது பெண். அந்தச் சத்தம் ஆரம்பிக்கும் முன்னால் மாடி வீட்டு அம்மாவிடம் சொல்லிவை, முட்டை தருவதாகவும் சொல்லிவை.

வரும்போது வாளி ஒன்று எடுத்து வா, தொட்டியில் அசோலா, அதுதான் தண்ணீரில் மிதக்கும் குட்டிச் செடி, நிறைய இருக்கிறது, அள்ளித் தருகிறேன். அதையும் கீரைக் கணக்கில் சேர்த்துக்கொள். உன் தம்பியிடம் சொல்லி நல்ல சங்கரா கிடைத்தால் அரைக்கிலோ. அது எங்களுக்கு.

அன்புடன்,
சரோஜா