கயலுக்கு, அந்த வெள்ளைச் சீப்பைப் பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். தந்தம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். கோடுகளைப் பார்: ஒரே அகலத்தில், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. யானைத் தந்தத்தைக் குறுக்கே அறுத்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைப்பின்னலாகத் தெரியும். உன்னுடையது செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். சந்தேகமிருந்தால் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து, சூடு ஆறுமுன் முகர்ந்து பார்; கற்பூர வாசனை வரும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் செய்துவிடாதே, குப்பென்று பற்றிக்கொள்ளும்.

சீப்பில் கற்பூரத்துக்கு என்ன வேலை என்று கேட்பாய். பஞ்சையோ மெல்லிய காகிதத்தையோ நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து ஊறவைத்துக் கழுவினால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். 1846-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து வேதியியலாளர் ஷோன்பைன் இதை அறிவித்தபோது எல்லோரும் வெடிமருந்தாகத்தான் பார்த்தார்கள். நைட்ரஜன் 13 விழுக்காட்டைத் தாண்டினால் அது வெடிபஞ்சு. 11-ஐ ஒட்டி நிறுத்தினால் கரைப்பானில் இளகிப் பசையாகும்.

அந்தப் பசையைப் பிசைந்து பொருளாக்கப் பார்த்தவர் அலெக்சாண்டர் பார்க்ஸ், நீ இருக்கிற பர்மிங்காம்காரர்தான். 1862 லண்டன் பொருட்காட்சியில் ‘பார்க்சின்’ என்று வைத்துப் பதக்கம் வாங்கினார். 1866-இல் கம்பெனி தொடங்கினார், 1868-இல் மூடிவிட்டார்கள். சரக்கில் இருந்த திரவக் கரைப்பான், அச்சிலிருந்து எடுத்த பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருந்தது. சீப்பு சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், பல்லடியில் வெடிப்பு விடும். மலிவாக விற்கும் ஆசையில் மூலப்பொருளின் தரத்தையும் குறைத்தது இன்னும் கெடுத்தது.

அமெரிக்காவில், ஆல்பனியில் அச்சுத் தொழில் பார்த்த ஜான் வெஸ்லி ஹயட் வேறு வழியில் போனார். தந்தமில்லாத பில்லியர்ட்ஸ் பந்துக்கு 10,000 டாலர் பரிசு என்ற விளம்பரம்தான் அவரை இதில் இழுத்துவிட்டது. அண்ணன் ஐசையாவோடு சேர்ந்து 1870-இல் வாங்கிய காப்புரிமையில் கணக்கு தெளிவாக இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸைத் தண்ணீரோடு கூழாக அரைக்க வேண்டும். இரண்டு பங்குக்கு ஒரு பங்கு கற்பூரத் தூள், எடைக்கு எடை. தண்ணீரை அழுத்திப் பிழிந்துவிட்டு அச்சில் வைத்து 65 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அழுத்த வேண்டும். சூட்டிலும் அழுத்தத்திலும் கற்பூரமே கரைப்பானாகிவிடும். ஆறியதும் உள்ளேயே தங்கிவிடும். திரவம் போல அவசரமாக வெளியேறாது. என்னைக் கேட்டால் பார்க்ஸுக்கும் ஹயட்டுக்கும் உள்ள தூரம் இவ்வளவுதான். கற்பூரத்தை பார்க்ஸும் பயன்படுத்தியிருந்தார் என்பது வேறு விஷயம். அதை வைத்து வழக்கு நடந்து, 1884-இல் அமெரிக்க நீதிமன்றம் பார்க்ஸைத்தான் முன்னோடி என்றது.

‘செல்லுலாய்டு’ என்ற பெயர் ஐசையா வைத்தது, 1872-இல். பிறகு தொழிற்சாலை நியூவார்க்குக்குப் போனது. அங்கே செய்யும் முறையில் உன் சீப்பின் கோடுகளுக்கு விடை இருக்கிறது. கலவையில் கொஞ்சம் ஆல்கஹால் தெளித்து, சூடான உருளைகளில் சப்பாத்தி மாவு பதத்துக்கு இழுப்பார்கள். கொஞ்சம் வெளுத்த தகடு, கொஞ்சம் மஞ்சள் தகடு என்று மாற்றி மாற்றி அடுக்கி, அழுத்திக் கட்டியாக்கி, அடுக்குக்குக் குறுக்கே சீவினால் தந்தக் கோடு தயார். சீவிய தகட்டை உடனே வெட்ட முடியாது. வெதுவெதுப்பான அறையில் தொங்கவிட்டு ஆல்கஹாலை விரட்ட வேண்டும். தடித்த தகட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் மேல்தோல் முதலில் இறுகி உள்ஈரம் சிக்கிக்கொள்ளும். அப்புறம் வெட்டிய சீப்பு வீட்டுக்குப் போய்க் கோணும்.

தங்கிவிடும் என்றேனே, கற்பூரமும் நிரந்தரமாகத் தங்குவதில்லை. நூறு வருஷத்தில் அதுவும் கசியும். உன் மூன்றாவது படத்தில், பிடியின் ஓரத்தில் சின்னச் சின்னச் சதுர வெடிப்புகள் தெரிகின்றன. அங்கே சரக்கு சுருங்க ஆரம்பித்திருக்கிறது. கூடவே நைட்ரோசெல்லுலோஸ் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு விடும், அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும், அமிலம் சிதைவை முடுக்கும். அதனால் காற்றுப் புகாத டப்பாவில் பூட்டாதே. அமிலமில்லாத காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, ஜன்னலுக்கும் ஹீட்டருக்கும் எட்டாத குளிர்ந்த அலமாரியில் வை. வெள்ளிக் கொலுசு, ஹேர்பின் எதுவும் பக்கத்தில் வேண்டாம், அந்த அமிலம் உலோகத்தை அரித்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் கரைந்துவிடும், ஸ்பிரிட்டும் கூடாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்து. மேலே பிசுபிசுவென்று வியர்த்து, மூக்கைக் குத்தும் காட்டமான வாடை வந்தால் மற்ற சாமான்களிலிருந்து பிரித்து வை.

அம்மாவுக்குத் தபாலில் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம்மா. செல்லுலாய்டு விமானச் சரக்கில் தீப்பற்றும் திடப்பொருள் வகையில் வருகிறது, சொல்லாமல் அனுப்புவது தப்பு. பிடியின் வெடிப்பை மட்டும் பகல் வெளிச்சத்தில் இன்னும் கிட்டே எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா