காபித்தூள் பொட்டலத்தில் கஃபீன் அளவையும் அச்சிடச் செய்யுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தாருக்கு,

வணக்கம்.

காபித்தூளில் கஃபீன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உங்கள் விதிகள் ஏற்கெனவே வரையறுத்திருக்கின்றன. வறுத்த காபியில் குறைந்தது 1 சதவீதம், சிக்கரி கலந்த தூளில் 0.6, இன்ஸ்டன்ட் காபியில் 2.8. காபி என்ற பெயரில் வேறெதையோ விற்பவரைப் பிடிக்க இந்த எண்கள் உதவுகின்றன, சரி. குடிப்பவருக்கும் அந்த எண் தெரிய வேண்டாமா?

எனர்ஜி பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் கூடாது என்கிறீர்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு உகந்ததல்ல என்று டின்னிலேயே அச்சிட வைத்திருக்கிறீர்கள். நல்ல விதி. அந்தக் கணக்கில் 250 மில்லி டின்னில் இருக்கக்கூடியது அதிகபட்சம் 75 மில்லிகிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலோ, 150 மில்லி வடித்த காபியிலேயே 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கிறது என்கிறது. எச்சரிக்கை தாங்கிய டின்னைவிட ஒரு தம்ளர் காபியில் கஃபீன் அதிகம்! எங்கள் வீட்டுக்கு வரும் பொட்டலத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று இருக்கிறது. கஃபீனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நாக்கை நம்பி அளவிடவும் முடியாது. அராபிகா வகைக் காபிக்கொட்டையில் கஃபீன் ஏறக்குறைய 1.2 சதவீதம், ரொபஸ்டா வகையில் 2.2. பத்து கிராம் தூள் போட்டால் ஒன்றில் 120 மில்லிகிராம், மற்றதில் 220. பில்டரில் முழுவதும் இறங்காது என்றாலும் வித்தியாசம் பெரிது. சிக்கரியில் கஃபீனே கிடையாது. ஆனால் நிறத்தையும் கசப்பையும் அதுதான் கூட்டுகிறது. கள்ளிச்சொட்டாக இறங்கிய டிகாக்ஷனில் கஃபீன் குறைவாகவும், வெளிறிய காபியில் அதிகமாகவும் இருக்க வழியுண்டு. கடைக்காரரிடம் பீபெரி (பழத்துக்குள் ஒற்றை விதையாக விளையும் கொட்டை) கேட்டு வாங்குகிறோம், ரொபஸ்டா எவ்வளவு சேர்க்கலாம் என்று பேரம் பேசுகிறோம். எல்லாம் மணத்துக்காகவும் விலைக்காகவும்தான். மில்லிகிராம் அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது கர்ப்பிணிகளின் நிலை. உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி வெளியேற மற்றவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்; பிரசவம் நெருங்கும் மாதங்களில் அது பதினைந்து மணி நேரம் வரைகூட நீளும். நஞ்சுக்கொடியைத் தாண்டிச் செல்லும் கஃபீனைக் கருவிலுள்ள குழந்தையால் சிதைக்க முடியாது. கர்ப்பிணிகள் நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டினால் குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 200 மில்லிகிராமிலேயே நிறுத்துகிறது. காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று குடிக்கும் பெண் இந்த வரம்புக்குள் இருக்கிறாளா, தாண்டிவிட்டாளா? பொட்டலத்தில் எண் இல்லாமல் மருத்துவராலும் சொல்ல இயலாது. “காபியைக் குறைத்துக்கொள்ளம்மா” என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார்.

காபி கெட்டது என்று நான் சொல்லவில்லை. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று அதே ஐரோப்பிய ஆணையம் 2015இல் கூறியது. நம் தேசிய நிறுவனம் 300 என்கிறது. எந்த வரம்பை ஏற்றாலும், எண்ணிப் பார்க்க எண் வேண்டும்.

விளைச்சலுக்கு விளைச்சல் கஃபீன் மாறும், எப்படி அச்சிடுவது என்று வணிகர்கள் கேட்பார்கள். ஒற்றை எண் வேண்டாம். பத்து கிராம் தூளில் இத்தனை முதல் இத்தனை மில்லிகிராம் வரை என்று போட்டால் போதும். இன்ஸ்டன்ட் காபி நிறுவனங்களுக்கு இது சுலபம், முதலில் அவர்களிடமிருந்து தொடங்குங்கள். கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் சிறு கடைகளிடம் பரிசோதனைச் செலவைச் சுமத்த வேண்டாம். அராபிகா, ரொபஸ்டா, சிக்கரி விகிதத்தை வைத்து உத்தேச அளவு காட்டும் பட்டியல் ஒன்றை நீங்களே தயாரித்து, கடையில் மாட்டச் சொல்லுங்கள். தமிழிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தினமும் காபி குடிக்கும் குடும்பத்திலிருந்து ஒரு நுகர்வோர்